பாம்புப் பெட்டியின் விளக்கு

லியோன் நகருக்குப் படிக்கப் போன மகன், தன் பாம்பை எங்கள் லாச்சப்பல் வீட்டில் விட்டுப் போனான். வாரம் ஒரு எலி, எந்நேரமும் பெட்டிக்குள் சூட்டு விளக்கு. அவன் கேட்டது அவ்வளவுதான். என்னைக் கேட்காமல் வாங்கிய பாம்பு என்ற கோபத்தில் விளக்கின் வயரைப் பிடுங்கிவிட்டேன். அவன் போனில் பிரெஞ்சில் விசாரிக்கும்போதெல்லாம், "ஓம், எரியுது" என்றேன்.

குளிர்காலம் வந்தது. பாம்பு கயிறாய் மெலிந்து, விழுங்கிய எலியை அப்படியே கக்கியது.

"அது செத்தால் தோஷம் பிள்ளையளுக்குத்தான். டொக்டரிட்டைக் கொண்டு போங்கோ" என்றாள் மனைவி.

எங்கள் வீட்டுக்குக் கிட்ட, ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தடியில் இருந்த மிருக வைத்தியர் அதைத் தொட்டுப் பார்த்தார். குளிரில் பாம்புக்கு எதுவும் செமிக்காது, வீட்டில் விளக்கு இல்லையா என்று கேட்டார்.

அன்றே விளக்கைப் போட்டேன். உரியாமல் ஒட்டிக்கிடந்த தோல் இளக, தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாம்பை ஊறவைத்தேன். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது செய்ததுபோல, முழங்கையால் சூடு பார்த்துத்தான் இறக்குவேன். ஆறாவது வாரம் எலி வயிற்றில் தங்கியது.

அன்று நானே மகனுக்குப் போன் எடுத்தேன்.

"விளக்கை நான்தான் நிப்பாட்டி வைச்சனான், தம்பி."

அவன் இந்த முறை தமிழில் கேட்டான்: "இப்ப எரியுதோ, அப்பா?"

"ஓம்" என்றேன். அத்தனை மாதமும் கூசாமல் சொன்ன அதே சொல்தான். அன்று பெட்டிக்குள் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.