பொன்மணி எழுதிய மறதி

மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் எந்த வீட்டில் என்ன சோப்பு, யார் வீட்டுச் சாயாவுக்கு என்ன தூள் என்று தெரிய வேண்டுமானால் பொன்மணியைக் கேட்டால் போதும். இருபத்திரண்டு வருடமாகக் கம்பெனிகளுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் அவள் பிழைப்பு. சந்தை ஆய்வு என்று அதற்கு லட்சணமாக ஒரு பெயர் உண்டு. மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு அவள் வெறும் 'சோத்யக்காரி', அதாவது கேள்விக்காரி.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். "உங்க வீட்டுல யாராவது இந்த மாதிரி ஆய்வு வேலை பாக்குறாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆமாம் என்று பதில் வந்தால் அந்த வீட்டில் வேறெதுவும் கேட்கக் கூடாது, நன்றி சொல்லி எழுந்துவிட வேண்டும். தொழில் தெரிந்தவர் பதிலை நம்ப முடியாதாம். இப்படியாக, ஊர் முழுக்கக் கேள்வி கேட்ட பொன்மணியிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. சாயா பிடிக்குமா என்றுகூட.

நகராட்சியில் வேலை பார்த்த கணவர் முனியாண்டி போய்ச்சேர்ந்து ஒன்பது வருடம். ஒரே மகன் சுஜித் மஸ்கட்டில். அவனுக்கு ஆயிரம் வேலை. சமையல் கேஸ் தீரும்போது மட்டும் அவனைக் கூப்பிட்டு, போனில் எப்படி புக் செய்வது என்று கேட்பாள். "எத்தனை தடவைம்மா சொல்றது?" என்று சலித்துக்கொண்டே ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக் கொடுப்பான். கால் மணி நேரம் ஆகும்.

அவளிடம் ஒரு கர்வம் இருந்தது. சாயாக்கடையில் உட்கார்ந்தபடியே நூறு தாளை நிரப்பித் தள்ளும் ஆசாமிகள் அந்தத் தொழிலில் ஏராளம். பொன்மணி ஒரு பொய் டிக் போட்டவள் இல்லை.

போன வருடம், தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு ஒரு ஆப் வரப்போகிறது என்று கேள்வித்தாள் வந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்குள் ஒரு பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் சௌக்கியம் என்று பொருள். அழுத்தாவிட்டால் ஒன்பதரைக்கு வெளியூரில் இருக்கும் பிள்ளையின் போன் அலறும். "இப்படி ஒண்ணு வந்தா எப்படி இருக்கும்?" என்று அறுபது வீட்டில் கேட்டாள். ஐம்பத்திரண்டு வீட்டில் "கொள்ளாம்" என்றார்கள். மலையாளத்தில் அது வசதியான வார்த்தை. நன்றாக இருக்கிறது என்றும் கொள்ளலாம், சரி, எழுந்து போ என்றும் கொள்ளலாம். வீட்டுக்கு வந்தவளிடம் நன்றாயில்லை என்று யார் சொல்வார்கள்? பொன்மணி 'நல்லது' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். கம்பெனி குளிர்ந்துபோய் ஆப்பைச் செய்துவிட்டது.

செய்த பிறகுதான் மதுவந்தி வந்தாள். பாலக்காட்டுத் தமிழ்க்குடும்பத்துப் பெண், அந்தக் கம்பெனியின் எர்ணாகுளம் ஆபீஸில் வேலை. பயனர் ஆய்வு என்று இன்னொரு பெயர் சொன்னாள்.

"சேச்சி, இத்தனை நாள் நீங்க வேணுமா, பிடிக்குமான்னு கேட்டேள். எத்தனை பேருக்குன்னு எண்ணிச் சொன்னேள். இனி கேக்க வேண்டாம். பக்கத்துல உக்காந்து, அவா அதை எப்படிப் பயன்படுத்தறான்னு பாருங்கோ."

"வாயத் தொறக்கக் கூடாதா?"

"கூடாது. கண்டதை எழுதுங்கோ, காரணத்தை எழுதவே எழுதாதீங்கோ. அதை நான் பாத்துக்கறேன்."

"வீடு அதே வீடு, சாயா அதே சாயா. வாய்க்குப் பதிலா கண்ணு. அதானே?" என்றாள் பொன்மணி.

"அதேதான்," என்று சிரித்தாள் மதுவந்தி. காதால் கேட்பதும் பொய், கண்ணால் காண்பதும் பொய் என்று சொல்லிவைத்தவர்கள் இவர்கள் இருவரையும் மனதில் வைத்துத்தான் சொன்னார்களோ என்னவோ.

பார்ப்பதற்குக் கிடைத்தவர் சிவசங்கரன். ஜூ டவுன் என்கிற யூதத் தெருவின் மிளகுக் கிடங்கில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தாறு வயது. மகன் நிகில் துபாயில். பொன்மணி புதன்கிழமை எட்டரைக்குப் போய் உட்கார்ந்தாள். மேசையில் போன். பச்சைப் பொத்தான் கண்ணைப் பறித்தது. எட்டே முக்கால், ஒன்பது. அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். 'அழுத்துங்க சேட்டா' என்று நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள்.

ஒன்பதரைக்குப் போன் அடித்தது. "அய்யோ, மறந்தே போச்சுடா!" என்றார் சிவசங்கரன். மகன் திட்டினான். பிறகு மழை, முட்டுவலி, பேத்தியின் பள்ளிக்கூடம் என்று பேச்சு இருபது நிமிடம் போனது.

வியாழன், வெள்ளி, சனியும் அதே கதை. ஆனால் சனிக்கிழமைதான் பொன்மணி கவனித்தாள். ஒன்பதே காலுக்கு அவர் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார், தலை வாரினார், கண்ணாடியைத் துடைத்தார். வானொலியை அணைத்துவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறந்தவர் செய்கிற காரியமா இது?

ஞாயிற்றுக்கிழமை எட்டு ஐம்பதுக்கே பொத்தானை அழுத்திவிட்டார். ஞாயிறு விடுமுறை, மகன் தானாகவே கூப்பிடுவான்.

பொன்மணி ஏட்டைப் பிரித்தாள். கண்டதைக் கண்டபடி எழுதினால், 'கிழவர் நடிக்கிறார்' என்று ஆபீஸில் சிரிப்பார்கள். மகன் காதுக்குப் போகும். அப்புறம் அந்த இருபது நிமிடம் என்னாவது? சிவசங்கரன் அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதப் போறியா, பொன்மணி?"

"எழுதாம பின்னே?" என்றாள். ஏடு முழுக்க அவள் எழுதியது ஒரே ஒரு வார்த்தை: மறதி. இருபத்திரண்டு வருடத்தில் முதல் பொய். யாருக்கும் கேடில்லாத பொய் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து மதுவந்தி உற்சாகமாகக் கூப்பிட்டாள். "சேச்சி, உங்க ஏட்டால பெரிய உபகாரம்! மறதின்னு எழுதியிருந்தேளே. இப்போ ஆப்புல எட்டரைக்கு ஒரு மணி அடிக்கும், எட்டே முக்காலுக்கு ஒண்ணு, ஒன்பதுக்கு விடாம அடிக்கும். யாருக்கும் மறக்காது. நாளைக்குப் போய்ப் பாருங்கோ."

போனாள். எட்டரைக்குக் கோயில் மணி மாதிரி அடித்தது. எட்டே முக்காலுக்கு மறுபடியும். ஒன்பதுக்கு விடாமல் அடித்த அடியில் பக்கத்து வீட்டுக்காரி சுமா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். சிவசங்கரன் பச்சையை அழுத்தினார்.

"மணி அடிக்கிறப்போ இனி எப்படி மறக்கும்னு நிகில் கேட்டான்," என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

ஒன்பதரை ஆனது. அவர் சட்டை போட்டுக்கொள்ளவில்லை. போன் மேசையிலேயே கிடந்தது. பத்து மணிவரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்மணிக்குத் தன் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது.

"ஆப் இப்போ எப்படி, சேட்டா?" கேட்கக் கூடாது என்ற விதியை மீறிக் கேட்டுவிட்டாள்.

"கொள்ளாம்," என்றார்.

அன்றைக்கே பஸ் பிடித்து எர்ணாகுளம் போனாள். மதுவந்தியின் மேசைமுன் உட்காராமலே சொன்னாள்.

"மோளே, நான் எழுதினது கள்ளம். அவருக்கு மறதி இல்ல. மகன் கூப்பிடணும்னுதான் அழுத்தாம இருந்தாரு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் மறதின்னு எழுதினேன். என்னை வேலைய விட்டு எடுத்தாலும் சரி, அந்த மணிய நிறுத்து."

மதுவந்தி எழுதுவதற்குப் பேனாவை எடுத்தாள். "காரணத்தை எழுதாதீங்கோன்னு சொன்னேனே, சேச்சி," என்றாள். கோபம் இல்லை, வருத்தம்தான். "அவரே உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்ல."

"நீங்க கேட்டேளா?"

"கேக்கல்லே."

"பின்னே எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றேள்? மீட்டிங்கில எல்லாரும் கேப்பா. நான் என்ன சொல்லட்டும்?"

பொன்மணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"எனக்கு கேஸ் புக் பண்ணத் தெரியும்," என்றாள். "ரெண்டு வருஷமாத் தெரியும். தெரியாதுன்னு சொல்லித்தான் சுஜித்தைக் கூப்பிடுவேன்."

மதுவந்தி எழுதுவதற்காக எடுத்த பேனாவை மூடி வைத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒருத்தி பொன்மணியைப் பற்றியே கேள்வி கேட்டாள்.

"கடைசியா அவன்கிட்ட எப்போ பேசினேள், சேச்சி?"

"ஓணத்துக்கு முன்னாடி. சிலிண்டர் தீந்தப்போ."

"அடுத்தது எப்போ தீரும்?"

பொன்மணி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"ஒரு ஆளுக்குச் சமைக்கிற வீடு, மோளே," என்றாள். "சீக்கிரம் தீராது."