அமலதாஸ் அண்ணை பார்த்த கௌபாய் படங்கள்

செவ்வாய்க்கிழமை காலை மெட்ரோவில் இருந்தபோது அமலதாஸ் அண்ணையின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். "இவர் விடிய எழும்பேல்லையம்மா" என்றார். எங்கள் திரைப்பட வட்டத்தில் அவரை அறியாதவர் இல்லை. அவர் மனைவியின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், நூலகத்தின் கீழ்த்தள அறையில் கூடிப் படம் பார்ப்போம். அண்ணை ஜான்-டலோன் சந்தையில் காய்கறிப் பெட்டிகள் இறக்கிவிட்டு அப்படியே வருவார். கௌபாய் படமென்றால் தவறமாட்டார். அதிலும் துப்பாக்கிக்காரனுக்கு வயது போய், ஊருக்கு ரயில் வந்து, அவன் யாருக்கும் தேவைப்படாமல் போகும் பிற்காலப் படங்கள்.

"அண்ணைக்கு ஒரு தொப்பி வாங்கவேணும்" என்று எங்கள் வட்டத்துச் சிவா ஒருநாள் சீண்டினான்.

"வாங்கடா. தக்காளிக்கு வெயில் படாமல் மூடலாம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அவங்களுக்கு ரயில் வந்து சொல்லுது, உங்கட காலம் முடிஞ்சுதெண்டு. எங்களுக்கு ஆர் சொன்னது?"

அன்று பஸ் நிறுத்தத்தில், பத்தொன்பது வயதில் ஊரில் நடந்த போரில் துப்பாக்கி தூக்கியதையும் ஒருவனைச் சுட்டதையும் சொன்னார். "இது உங்களோட இருக்கட்டும்."

என்னோடேயே இருந்திருக்க வேண்டும். அடுத்த மாதப் படத்தை அறிமுகப்படுத்தும்போது, பழைய படங்களில் இலை உதிர்வதுபோல ஆட்கள் விழுவார்கள், இந்தப் படங்களில் ஒரு சாவுக்கும் பாரம் இருக்கிறது என்று விளக்க வந்தவள், "நம்மிடையே ஒருவர்" என்று தொடங்கி, அவர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். பெயர் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாத் தலைகளும் அவரை நோக்கித் திரும்பின. படம் தொடங்குமுன் எழுந்து போனார்.

மூன்று மாதம் அவர் வரவில்லை. சந்தைக்குப் போனேன்.

"சொல்லியிருக்கக்கூடாது, அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்தார். "நீங்கள் சொன்னதில செத்தவன் எங்க, பிள்ளை? சனம் முழுக்க என்னைத்தான் பாத்துது. அந்தப் படங்களும் அப்பிடித்தான். சுட்டவன்ர கவலைக்குத்தான் வயலின் வாசிப்பாங்கள்."

கத்தரிக்காய்களை எடுத்து ஒரு பையில் போடத் தொடங்கினார்.

"விழுந்தாப் பிறகு அவன் கழண்ட செருப்பைத் தேடினவன். காலால தடவித் தடவி. பேர் தெரியாது. நான் போனாப் பிறகு கதைக்கிறதெண்டா, அவனைப் பற்றிக் கதையுங்கோ."

ஒரு பை கத்தரிக்காய் தந்து அனுப்பினார். வட்டத்துக்குத் திரும்பி வரவே இல்லை. என்னை மன்னித்தாரா என்பது எனக்குத் தெரியாது.

அண்ணை என்னிடம் விட்டுப்போனது பெயர் தெரியாத அந்த மனிதனைத்தான். என்ன வயதென்று நான் கேட்கவில்லை. வெறுங்காலால் மண்ணைத் தடவிக்கொண்டிருக்கிறான். செருப்பு இன்னும் அகப்படவில்லை.