லிஜாவின் வரைபடத்தில் ஒரு பச்சை மேடு

நாகர்கோவில் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில், உயர் மின்னழுத்த ஆய்வுக்கூடத்தின் உதவியாளன் நான், பெயர் தாணுமாலயன். ஆராய்ச்சி மாணவர்கள் வருவார்கள், பட்டம் வாங்குவார்கள், என் பெயரை மறந்துவிடுவார்கள். கடியப்பட்டணத்து லிஜா அப்படியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேபிள் உறையாக இருக்கிற பாலித்தீன் மின்சாரத்தைக் கடத்தாது என்றுதான் நாமெல்லாம் படித்தோம். ஆனால் அழுத்தம் ஏற ஏற மின்னூட்டம் அதற்குள் மெல்லப் புகுந்து, அங்கங்கே குழிகளில் சிக்கிக்கொள்ளுமாம். நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சந்தித்தால் கண்ணுக்கே தெரியாத சின்ன வெளிச்சம் வரும். அது எந்த நிறத்தில், எவ்வளவு வரும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் லிஜாவின் ஆராய்ச்சி.

கணக்கு ஒத்துவரவில்லை. இருட்டுப் பெட்டிக்குள் அளந்த வெளிச்சத்தில் பச்சை நிறத்தில் ஒரு மேடு எழுந்தது. அவள் கணக்கில் அது இல்லை. ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில், பாலித்தீனுக்குள் யாரும் சொல்லாத புதுவகைக் குழி இருக்கிறது என்று சேர்த்ததும் மேடு அச்சாகப் பொருந்தியது. கட்டுரையை ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டது. அதை வைத்து பிரான்சில் வேலையும் கிடைத்தது. அவள் பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எனக்குந்தான்.

அப்போதுதான் ஒருநாள் கேன்டீனில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டோம். கை கழுவுமிடத்தில் பூச்சி பிடிக்க ஒரு நீல விளக்கு எரியும். அதன் கீழே கையை நீட்டிய லிஜா அப்படியே நின்றாள். மீன்கறியின் மஞ்சள் பட்ட விரல்கள் பச்சையாக ஒளிர்ந்தன.

"அண்ணே, ஆயுதபூசைக்கி எதுலெல்லாம் மஞ்சள் வச்சீங்க?"

"எல்லாத்துலயும்தான் மக்கா. பெட்டிக்குள்ள மாட்டப் புதுசா வந்த பித்தளை வளையம் இருக்குல்லா, அதையும் விடல," என்றேன் பெருமையாக. பாலித்தீன் படலத்தை இறுக்கிப் பிடிக்கும் வளையம் அது.

அவள் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். வளையத்தைக் கழற்றி, ஸ்பிரிட் விட்டுத் தேய்த்து, மறுபடி அளந்தாள். மேட்டைக் காணோம். அவள் முதன்முதலில் போட்ட கணக்கு அப்படியே வந்து உட்கார்ந்தது. பாலித்தீனின் வெளிச்சம் பட்டு என் மஞ்சள்தான் இத்தனை நாளும் மின்னியிருக்கிறது.

"ஒருத்தருக்கும் தெரியாதுல்லா மக்கா, விட்டுரு" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அதற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன். அவள் கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினாள். பிரான்சுக்கும் ஒரு நகல் அனுப்பினாள். எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். 'வளையத்தை நான் சுத்தம் செய்து சோதிக்கவில்லை' என்று இருந்தது.

"என் பேரை எழுது மக்கா. மஞ்சள் வச்சது நாந்தான்."

"அளக்கதுக்கு முன்ன கழுவ வேண்டியது நான்லா அண்ணே."

பிரான்சு வேலை போயிற்று. லிஜா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். என் பூசையைக் குறை சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய கணக்கை எடுத்து, முதலிலிருந்து எழுத உட்கார்ந்தாள்.

இந்த வருடம் ஆயுதபூஜைக்கு நான் மஞ்சள் கிண்ணத்தை வெளியே எடுக்கவேயில்லை. அவளே என் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து வந்தாள். இருட்டுப் பெட்டியின் வெளிப்பக்கத்தில் விரலை வைத்துக் காட்டி, "இங்க வைங்க அண்ணே" என்றாள்.

வைத்தேன். வைத்துவிட்டு நேராகப் போய்க் கை கழுவினேன்.