சாப்பாட்டுக்கு முன்

அன்று சாம்பார் கொதிக்கத் தாமதம். மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரமாகச் சாப்பாட்டுக்குக் காத்திருந்த அப்பா, தட்டின் முன்னாலேயே சரிந்துவிட்டார். கூப்பிட்டால் பதில் இல்லை. உடம்பெல்லாம் வியர்வை. எண்பத்திரண்டு வயது; பக்கவாதம்தான் என்று நானே முடிவு கட்டி, அவருடைய மாத்திரைப் பையையும் அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். நீடாமங்கலம் சாலையில் எங்களுக்கு முன்னால் ஒரு நெல் அறுப்பு மெஷின் வழிவிடாமல் ஊர்ந்தது. மன்னார்குடி வரும்வரை அதை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். அப்பா இனிப் பேசுவாரா என்ற ஒரே பயம்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் விரலில் குத்திப் பார்த்தார். "சர்க்கரை நாப்பதுக்கும் கீழ போயிடுச்சும்மா. பக்கவாதம் மாதிரி தெரியல," என்று குளுக்கோஸ் ஏற்றினார். சற்று நேரத்தில் அப்பா கண் விழித்து, "சாம்பார் கொதிச்சிச்சா?" என்றார். பேசிவிட்டார்! எனக்கு அங்கேயே கும்மியடிக்க வேண்டும் போலிருந்தது.

டாக்டர் பையைக் கட்டிலில் கொட்டினார். பதினோரு அட்டைகள். அப்பாவின் பென்ஷனில் பாதியை மாதாமாதம் விழுங்குகிற பை அது. சர்க்கரைக்கு உள்ளூர் டாக்டர் கொடுத்ததும், போன வாரம் தஞ்சாவூர் டாக்டர் எழுதியதும் ஒரே மருந்து, பெயர்தான் வேறு என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே மருந்துக்கு இரண்டு தண்டம்!

"இது ரெண்டையும் எப்படிங்கய்யா போடுறீங்க?"

"ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு, ஆக நாலு. மதியம் ஒண்ணா போட்டுடுவேன்."

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னுல்ல எழுதியிருக்கு?"

அப்பா மருந்துக் கவரை வாங்கி, பழைய ஹெட்மாஸ்டர் குரலில் வாசித்தார். "'சாப்பாட்டுக்கு முன்'னு போட்டிருக்கு பாருங்க. காலையில இட்லி, ராத்திரி தோசை. அது டிபன். நான் சாப்பாடு சாப்பிடறது மதியம் மட்டுந்தானே?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வெடித்துச் சிரித்துவிட்டேன். தப்பு சொல்லவும் முடியவில்லை. நெல் விளையும் எங்கள் ஊரில் சோறில்லாத எதையும் யாரும் சாப்பாடு என்று சொல்வதில்லை.

டாக்டரும் சிரித்துவிட்டுத்தான் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா இவரு பேசியிருக்க மாட்டாரும்மா."

அந்த இரண்டு அட்டைகளில் ஒன்றை எடுத்துத் தனியே வைத்தேன். அப்பாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "அப்ப உப்புமாவையும் சாப்பாட்டுல சேத்துக்கணுமா?" என்று வழக்காடிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் சேத்துக்குங்கப்பா," என்றேன். "பேசிக்கிட்டே இருங்க."