கல்பாசியில் இளஞ்சிவப்பு

நோரீன் டிரிஃபெட் டாஸ்மேனியாவின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊரின் கல்லறைத் தோட்டத்தை இருபத்திரண்டு வருஷம் பார்த்துக்கொண்டவள். புல் வெட்டுவாள், வேலி கட்டுவாள், வாடிய பூக்களை அள்ளுவாள். வீட்டில் அவளும் ஒரு நாயும்தான். அதிகம் பேசமாட்டாள். அதனாலேயே அவள் சொன்னதை ஊர் நம்பும்.

ஆட்டுரோமம் கத்தரித்துப் பிழைத்த கிளெம் ஓக்ஃபோர்டின் கல்லறைக் கல்லில் சாம்பல் நிறக் கல்பாசி படர்ந்திருந்தது. ஒரு ஜூன் மாதம் அதன்மேல் நகப்பூச்சு சொட்டியதுபோல இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. கிளெமின் இரண்டாம் மனைவி ஜெனட் யார் வேலை இது என்று கேட்டாள். ஞாயிறுதோறும் தெல்மா வந்து போகிறாள் என்று நோரீன் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். கிளெம் விவாகரத்து செய்த முதல் மனைவிதான் தெல்மா. அவள் நகத்திலும் அதே நிறம்.

அவ்வளவுதான். வியாழக்கிழமைச் சீட்டாட்டத்தில் தெல்மாவோடு ஜோடி சேர ஆளில்லை. ரொட்டிக்கடையில் அவளைக் கண்டால் பேச்சு நின்றது. மறுத்துப் பார்த்து அலுத்து, அவள் வெளியே வருவதையே விட்டுவிட்டாள்.

ஆகஸ்டில், யாரும் போகாத பின்வேலியில் நோரீன் கம்பி இழுத்துக்கொண்டிருந்தாள். பழைய மரக்கம்பத்துக் கல்பாசியிலும் அதே இளஞ்சிவப்பு. திரும்ப வந்து கல்லைப் பார்த்தாள். பாசி இல்லாத இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. கொஞ்சம் சுரண்டித் தீப்பெட்டியில் வைத்து ஹோபார்ட் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினாள். இது கல்பாசியையே தின்று வாழும் ஒரு பூஞ்சை, வேறெதிலும் வளராது என்று பதில் வந்தது.

கடிதத்தோடு நேரே தெல்மாவின் வாசலுக்குப் போனாள்.

"உன் பேரைச் சொன்னது நான்தான், தெல்மா."

தெல்மா இரண்டு தடவை படித்தாள். "ரெண்டு மாசமா ஒரு ஆள்கூட என்கிட்ட பேசல. எல்லாம் இந்தப் பூஞ்சையாலயா?"

"பூஞ்சை ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"எனக்கு இந்த யோசனை வராமப் போச்சே. செஞ்சுட்டாவது கெட்ட பேர் வாங்கியிருக்கலாம்."

உள்ளே வா என்று அவள் கூப்பிடவில்லை.

அந்த வியாழக்கிழமை நோரீன் சீட்டாட்டக் கூடத்தில் எழுந்து நின்று கடிதத்தை வாசித்தாள். பூஞ்சைக்கு அந்த நிறம் வருமா என்று ஜெனட் முணுமுணுத்தாள். மறுநாள் அவளே தேய்க்கும் பிரஷ்ஷோடு போய்க் கல்லைத் தேய்த்துவிட்டு வந்தாள். முன்பு ஜோடியாக ஆடியவள் தெல்மாவைத் திரும்பக் கூப்பிட்டாள். தெல்மா போகவில்லை, பக்கத்து ஊர்க் கூட்டத்தில் சேர்ந்துகொண்டாள். அவளிடம் கார் கிடையாது. நோரீன்தான் வாராவாரம் கொண்டுபோய் விட்டாள். நோரீனுக்குச் சீட்டு ஆடத் தெரியாது. ஆட்டம் முடியும்வரை நாயோடு காரிலேயே உட்கார்ந்திருப்பாள்.