பாவுக்கு அடியில் போன கார்

பட்டுச் சேலை நெய்ய நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூலான பாவுக்குக் கஞ்சி போடுவதில் புஷ்பலதா அக்காவை அடிக்க எங்கள் ஆரணித் தெருவில் ஆளில்லை. வாயும் அப்படித்தான். ரெண்டு கிட்னியும் போய் டயாலிசிஸுக்கு அலைந்த காலத்திலும், "மிஷினே என்னைப் பார்த்து பேஜாராயிடுச்சு" என்பார். மூத்திரம் நின்றுபோனதை மட்டும் சிரிக்காமல் சொல்வார்.

போன தை மாசம், தெரு நீளத்துக்கும் பாவை இழுத்துக் கட்டி அக்கா கஞ்சி தடவிகினு இருந்தபோது போன் வந்தது. இறந்துபோன ஒருத்தரின் கிட்னி கிடைத்திருக்கிறது, உடனே சென்னைக்கு வாங்க.

அவர் வீட்டுக்காரர் சடையப்பன் அண்ணன் தன் வாடகைக் காரைக் கிளப்பினார். எங்கள் தெரு முட்டுச்சந்து. வெளியே போகும் ஒரே வழியில் பாவு.

"அறுத்துப் போடும்மே."

"வாயக் கழுவுங்க. எந்தப் பொண்ணு கல்யாணச் சேலையோ. ஈரத்துல தளர்ந்தா இழையெல்லாம் ஒட்டிக்கும். காயட்டும்."

கிட்னியைக் காக்க வைத்துவிட்டு அக்கா கஞ்சி தடவப் போய்விட்டார். பக்கத்து வீட்டு உண்ணாமலை சித்திதான் பிரஷைப் பிடுங்கியது. "நாங்கல்லாம் செத்தா பூட்டோம்? ஜல்தி ஏறுடி."

தெருவே கூடி, இழுப்பு தளராமல் பாவைக் கொம்புகளால் தலைக்கு மேல் தூக்கியது. அடியில் கார் ஊர்ந்து போனது. மழை மாதிரி எல்லோர் தலையிலும் கஞ்சி சொட்டியது.

மீதி அண்ணன் சொன்னது. வழியெல்லாம் டிராபிக். சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் அமலாவிடம், "லேட்டாயிடுச்சுங்க, ஐஸ்ல கெட்டுப் போயிருக்குமா?" என்று அழாத குறையாகக் கேட்டிருக்கிறார்.

"வெறும் ஐஸ்ல வைக்கலைங்க. மிஷின்ல மாட்டியிருக்கோம். குளிர்ந்த மருந்துத் தண்ணி கிட்னிக்குள்ள ஓடிட்டே இருக்கு. இதுவரைக்கும் நல்லாத் தாங்குது. ஆனா வெச்சதும் வேலை செய்யும்னு சத்தியம் பண்ண முடியாது. சிலருக்குக் கொஞ்ச நாள் டயாலிசிஸ் தொடரும்."

"குடுத்தவங்க யாருங்க?" என்றாராம் அக்கா.

"சொல்லக் கூடாதும்மா."

எந்த வீட்டிலோ அழுதுகினு இருப்பாங்க என்று நினைத்தாரோ என்னவோ, ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் ஒரு கிண்டல்கூட வாயில் வரவில்லையாம்.

மறுநாள் சித்தி போனை ஸ்பீக்கரில் போட்டுத் தெருவில் நின்றது. முதலில் அண்ணனின் மூக்கு உறிஞ்சல். தெருவே போனைச் சுற்றி நெருங்கியது. அப்புறம் அக்காவின் குரல், மெதுவாக.

"பை ரொம்பிடுச்சு சித்தி. நர்ஸம்மா ரெண்டாந்தரம் ஊத்தப் போயிருக்காங்க. டயாலிசிஸ் வேணாமாம்."

ஒருத்தர் மூத்திரம் போனதுக்கு ஒரு தெருவே கைதட்டியது. நானும்தான்.