சியோனோவின் தொட்டி

ஜப்பானின் பெப்பு நகரில் வெந்நீர் ஊற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் மூட்டுவலிக்காரர்கள் சியோனோ நடத்தும் பொதுக் குளியலறையைத்தான் தேடி வருவார்கள். தண்ணீர் அவ்வளவு சுத்தம். உடம்பைக் கழுவாமல் தொட்டியில் இறங்கிய சொந்த மாமனாரையே கையைப் பிடித்து வெளியே இழுத்தவள் அவள்.

ஒருநாள் பக்கத்து விடுதி முதலாளி குரோதா, தன் விருந்தாளிகளை இங்கே அனுப்பலாமா என்று பார்க்க வந்தார். தொட்டியில் மீனவர் ரிகிச்சி கண்மூடி உட்கார்ந்திருந்தார். அந்த நாட்டு ரவுடிகளைப் போல முதுகு முழுக்கப் பச்சை குத்தியிருந்தது.

"ரவுடிப் பயல எல்லாம் உள்ள விடுறியா? அவன வெளிய அனுப்பு. இல்லன்னா என் ஆளுங்க ஒருத்தரும் இங்க வரமாட்டாங்க."

"வராட்டிப் போகட்டும். அவரு முதுகுல இருக்கிறது மை. தண்ணியில கரையாது."

"நான் இறங்குனா அவனே எந்திரிச்சு ஓடுவான், பாரு."

குரோதா துணிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கோபத்தில் நேரே தொட்டிக்குள் ஒரு காலை வைத்தார். ரிகிச்சி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

சியோனோ காசு வாங்க உட்காரும் மேடையிலிருந்து இறங்கி வந்து, ஒரு மர வாளியை குரோதாவின் கையில் திணித்தாள்.

"கால எடுங்க முதலாளி. உங்க அழுக்கு கரையும்."